எண்ணாகத் தெரிவதெல்லாம் எண்ணா? – ஆர் மொழியின் தரவு வகைகளும் நம் மாணவர் பட்டியலும்

ஒரு வகுப்பின் மாணவர் விவரப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். வரிசை எண், எமிஸ் எண், ஆதார் எண், பெற்றோரின் அலைபேசி எண், வங்கிக் கணக்கு எண், அஞ்சல் குறியீட்டு எண், உயரம், எடை, கணித மதிப்பெண், வருகை நாள்கள். பத்துப் பத்திகளிலும் இலக்கங்கள்தாம் நிறைந்திருக்கின்றன. இவற்றில் எவற்றுக்குச் சராசரி காணலாம்?

ஊத்துக்குளி வட்டாரத்தில் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நான், புள்ளியியல் பாடத்தைத் தொடங்கும்போது இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். உயரம், எடை, மதிப்பெண் என்று சிலர் சொல்வார்கள். "எல்லாமே நம்பர்தானே சார், எல்லாத்துக்கும் காணலாம்" என்றும் ஒரு குரல் வரும். அந்தக் குரலிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. ஊத்துக்குளியின் அஞ்சல் குறியீடு 638751. திருப்பூர் தலைமை அஞ்சலகத்தின் குறியீடு 641601. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 640176 கிடைக்கும். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த எண் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கும் ஊரைக் காட்டாது. கணக்கிட முடிவது வேறு, கணக்கிடத் தகுவது வேறு.

இந்த வேறுபாட்டைக் கணினிக்குச் சொல்லும் வழிதான் 'தரவு வகை'. நிரலாக்க நூல்களில் இதை முதல் அத்தியாயத்தில் இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். மாணவர் விவரங்களை நாள்தோறும் கையாளும் நமக்கோ அந்த இரண்டு பக்கம்தான் மிகவும் வேண்டியது. அதைப் புள்ளியியலுக்கென்றே உருவான ஆர் மொழியை வைத்துப் பார்ப்போம்.

ஆர்: ஆசிரியர்கள் உருவாக்கிய மொழி

ஆர் மொழியின் மூதாதை எஸ் என்னும் மொழி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவினர் 1976இல் அதை உருவாக்கத் தொடங்கினர். 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் தம் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்க ஏற்ற ஒரு மொழியைத் தேடினர். எஸ் மொழியைத் தழுவி அவர்களே ஒன்றை எழுதினர். இருவர் பெயரின் முதல் எழுத்தும் ஆர். எஸ் என்ற எழுத்துக்கு முந்தைய எழுத்தும் ஆர். 1995இல் அது கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. 1.0.0 என்ற முதல் முழுப் பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வந்தது. இன்றும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும்.

இக்கட்டுரையில் கட்டளைகளின் உச்சரிப்பைத் தமிழில் தந்துள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

ஆறு அடிப்படை வகைகள்

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பனியன் கம்பெனி தெரியாத இடமில்லை. அம்மா ஓவர்லாக் தைப்பார். அப்பா கட்டிங்கிலோ பேக்கிங்கிலோ இருப்பார். ஆகவே ஒரு பண்டல் டி-ஷர்ட்டைக் கொண்டே வகைகளைச் சொல்லிவிடலாம்.

1. லாஜிக்கல்: ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்புகள். ஆர் இவற்றை ட்ரூ, ஃபால்ஸ் என்று குறிக்கும். பீஸ் செக்கிங்கில் தேறியதா, செகண்ட்ஸுக்குப் போனதா என்பது இவ்வகை.
2. இன்டிஜர்: முழு எண். ஒரு பண்டலில் எத்தனை பீஸ் என்பது இவ்வகை. அரை பீஸ் என்று ஒன்று கிடையாது.
3. டபுள்: தசமப் புள்ளி வரக்கூடிய எண். துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது, இவ்வகை.
4. கேரக்டர்: எழுத்துச் சரம். துணியின் நிறம், ஆர்டரின் பெயர் முதலியன.
5. காம்ப்ளெக்ஸ்: கலப்பெண். மேல்நிலைக் கணிதம் கற்பிப்போருக்குப் பயன்படும்.
6. ரா: கணினி சேமிக்கும் பைட்டுகள் அப்படியே. நம் வேலைக்குத் தேவைப்படாது.

இன்டிஜர், டபுள் இரண்டையும் சேர்த்து நியூமெரிக் என்பார்கள். ஒரு மதிப்பு எந்த வகை என்று அறிய டைப்ஆஃப் என்ற கட்டளை உண்டு. வெறுமனே 24 என்று கொடுத்துக் கேட்டால் ஆர் அதை டபுள் என்றே சொல்லும். இன்டிஜராக வேண்டுமானால் எண்ணை ஒட்டி ஆங்கிலப் பெரிய எழுத்து எல் சேர்க்க வேண்டும். ஆர் மொழியின் இன்டிஜருக்கு ஓர் எல்லையும் உண்டு: 2147483647. நம் பள்ளிகளின் யுடைஸ் குறியீடு 33 என்று தொடங்கும் 11 இலக்க எண். அதை இன்டிஜராக மாற்றச் சொன்னால் ஓர் எச்சரிக்கையோடு 'மதிப்பு இல்லை' என்ற விடைதான் வரும்.

லாஜிக்கல் வகையில் ஓர் அழகு உண்டு. கணக்கு என்று வந்தால் ட்ரூ 1 ஆகவும் ஃபால்ஸ் 0 ஆகவும் நடந்துகொள்ளும். ஒரு மாணவியின் ஐந்து நாள் வருகையை ட்ரூ, ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ, ட்ரூ என்று பதிந்தால், கூட்டுத்தொகை 4. அதுவே வருகை நாள்கள். சராசரி 0.8, அதுவே 80 விழுக்காடு வருகை. ஆம், இல்லை என்ற விடைகளின் சராசரிதான் விழுக்காடு என்பதை இவ்வளவு எளிதாக வேறு எங்கும் காட்ட முடிவதில்லை.

எண் வேடமிட்ட பெயர்கள்

திருப்பூரின் தொலைபேசிக் குறியீடு 0421. இதை எண்ணாகப் பதிந்தால் முன்னாலுள்ள பூஜ்ஜியம் மறைந்து 421 ஆகிவிடும். எண் என்ற முறையில் இரண்டும் ஒன்றே. குறியீடு என்ற முறையில் 421 பயனற்றது. அலைபேசி எண், ஆதார் எண், எமிஸ் எண், வங்கிக் கணக்கு எண் ஆகிய எல்லாமே இப்படிப்பட்டவை. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள் என்றே இவற்றைச் சொல்ல வேண்டும். ஆர் மொழியில் இவற்றுக்குரிய வகை கேரக்டர்.

இது ஏட்டளவில் நிற்கும் வேறுபாடன்று. நாம் பரவலாகப் பயன்படுத்தும் எக்செல் விரிதாள், ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கம் கொண்ட வங்கிக் கணக்கு எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. பட்டியல் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். அந்தப் பட்டியலை நம்பி அனுப்பப்படும் கல்வி உதவித்தொகை மட்டும் அந்தக் குழந்தையின் கணக்கிற்குப் போய்ச் சேராது. 12 இலக்க ஆதார் எண், நடுவில் புள்ளியும் கடைசியில் இ+11 என்றும் சுருங்கித் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உள்ளே எண் பத்திரமாக இருக்கும். காட்சி மட்டுமே மாறியிருக்கும். வங்கிக் கணக்கு எண்ணிலோ இலக்கமே தொலைந்துவிடுகிறது.

தீர்வு எளிது. விரிதாளில் அந்தப் பத்தியை முன்னரே 'டெக்ஸ்ட்' என்று வடிவமைத்துவிட்டுப் பிறகு தட்ட வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. ஆர் மொழியில் கோப்பைத் திறக்கும்போதே கோல்கிளாசஸ் என்ற குறிப்பின் மூலம் அந்தப் பத்தியைக் கேரக்டராக எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். ஒரு சிஎஸ்வி கோப்பை நேரடியாக விரிதாளில் திறந்து சேமித்தால் முன் பூஜ்ஜியங்கள் மீண்டும் போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வராதவருக்குப் பூஜ்ஜியம் ஏன்?

ஆர் மொழியில் ஒரு பத்தியிலுள்ள எல்லா மதிப்புகளும் ஒரே வகையாக இருக்க வேண்டும். அதன் பெயர் வெக்டார். வகைகள் கலந்தால், எல்லாவற்றையும் தாங்கக்கூடிய வகைக்கு முழுப் பத்தியும் மாறிவிடும். லாஜிக்கல் இன்டிஜராகும், இன்டிஜர் டபுளாகும், ஓர் எழுத்துச் சரம் உள்ளே வந்துவிட்டால் அனைத்தும் கேரக்டராகும்.

ஐந்து பேரின் மதிப்பெண்கள் இவை: 62, 48, 71, ஏபி, 55. தேர்வுக்கு வராத ஒருவருக்கு ஏபி என்று போட்டிருக்கிறோம். அந்த ஒரு சொல்லால் மற்ற நான்கு மதிப்பெண்களும் எழுத்துச் சரங்களாகிவிட்டன. சராசரி காணச் சொன்னால் 'இவை எண்கள் அல்ல' என்று ஆர் மறுத்துவிடும். வரிசைப்படுத்தினாலும் சிக்கல்தான். எழுத்துச் சரமாக ஒப்பிடும்போது முதல் இலக்கம்தான் முதலில் பார்க்கப்படும். ஆகவே 100, 35, 9 என்ற மூன்றில் 100 சிறியதாகவும் 9 பெரியதாகவும் நிற்கும்.

அவசரத்தில் நாம் செய்யும் மாற்று, ஏபி இருந்த இடத்தில் 0 போடுவது. கணக்கு உடனே ஓடும். ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். நான்கு பேரின் கூட்டுத்தொகை 236, சராசரி 59. பூஜ்ஜியத்தையும் சேர்த்து ஐந்தால் வகுத்தால் 47.2. தேர்வெழுதிய நால்வரின் வகுப்பு ஏறத்தாழ 12 மதிப்பெண் கீழே இறங்கிவிட்டது.

அதைவிட முக்கியம், அந்த ஐந்தாவது குழந்தைக்கு நேர்வது. பூஜ்ஜியம் என்றால் தேர்வெழுதி எதுவும் தெரியவில்லை என்று பொருள். அந்தக் குழந்தைக்குத் தேவை கூடுதல் கற்பித்தல். ஏபி என்றால் அந்தக் குழந்தையைப் பற்றி அன்று நமக்கு எதுவும் தெரியவில்லை என்று பொருள். அங்கே தேவை விசாரிப்பு. எங்கள் பகுதியில் இது நன்றாகப் புரியும். பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் தீபாவளி, சாத் பூஜை, ஹோலி சமயங்களில் ஊருக்குப் போகும். பெற்றோர் கம்பெனி மாறினால் வாடகை வீடும் மாறும். அந்தப் பிள்ளை மெல்லக் கற்பவர் பட்டியலில் ஏறிவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டிய கேள்வி மறைந்துபோகிறது.

இதற்காகவே ஆர் மொழியில் என்ஏ என்ற தனிக்குறி உண்டு. 'மதிப்பு இருக்க வேண்டிய இடம், ஆனால் நம்மிடம் இல்லை' என்பது அதன் பொருள். ரா தவிர்த்த எந்த வகைப் பத்தியிலும் என்ஏ அமரும். மற்ற எண்களைக் கெடுக்காது. என்ஏ உள்ள பத்திக்குச் சராசரி கேட்டால் ஆர் தரும் விடையும் என்ஏ. முதன்முறை பார்ப்பவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அது நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது: ஒருவரைப் பற்றித் தெரியாதபோது வகுப்பின் சராசரி எப்படித் தெரியும்? அவரை விலக்கிவிட்டுக் கணக்கிடு என்று என்ஏ டாட் ஆர்எம் குறிப்பின் மூலம் நாம் வெளிப்படையாகச் சொன்னால்தான் 59 என்று தரும். விலக்குவது நம் முடிவு. அது கட்டளையிலேயே பதிவாகியிருக்கும்.

அரும்பு, மொட்டு, மலர்

2022-23ஆம் கல்வியாண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தையின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று குறிக்கிறது. இவை வெறும் பெயர்கள் அல்ல. இவற்றுக்குள் ஒரு வரிசை இருக்கிறது. இப்படி வரையறுத்த சில மதிப்புகளை மட்டும் கொள்ளும் தரவுக்கு ஆர் மொழியில் ஃபேக்டர் என்று பெயர். ஆறு அடிப்படை வகைகளுள் இது சேராது. அவற்றின் மேல் கட்டப்பட்டது. உள்ளே 1, 2, 3 என்ற முழு எண்களாகவும், வெளியே பெயர்களாகவும் இருக்கும்.

நாம் வரிசையைச் சொல்லாவிட்டால் ஆர் அகர வரிசையை எடுத்துக்கொள்ளும். அரும்பு, மலர், மொட்டு. அதாவது மொட்டுக்கு முன்னரே மலர் வந்துவிடும்! வரைபடம் வரைந்தால் மலர் நிலைக் குழந்தைகள் நடுவில் நிற்பார்கள். மொட்டு நிலையினர் உச்சியில் இருப்பதாகத் தோன்றும். லெவல்ஸ் என்ற குறிப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நாமே எழுதி, ஆர்டர்ட் என்பதற்கு ட்ரூ கொடுத்தால்தான் சரியான வரிசை கிடைக்கும். டி-ஷர்ட் அளவுகளிலும் இதே கதைதான். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்பது ஆங்கில அகர வரிசையில் எல், எம், எஸ், எக்ஸ்எல் ஆகிவிடும்.

வரிசை இருப்பதால் மட்டும் சராசரி காணலாமா? அரும்பிலிருந்து மொட்டுக்கும் மொட்டிலிருந்து மலருக்கும் உள்ள தூரம் சமம் என்று யாரும் அளந்ததில்லை. 'வகுப்பின் சராசரி நிலை 2.3' என்பதைவிட, எந்த நிலையில் எத்தனை பேர் என்று சொல்வதே பயனுள்ளது. அளவைகளை இவ்வாறு பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என நான்காகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ். அவரது கட்டுரை 1946இல் சயின்ஸ் இதழில் வெளியானது.

ஃபேக்டரில் இன்னொரு பள்ளமும் உண்டு. பனியன் அளவுகள் 80, 85, 90, 95 என்பவை ஃபேக்டராகப் பதிந்திருந்து, அவற்றை ஆஸ் டாட் நியூமெரிக் கட்டளையால் நேரடியாக எண்ணாக்கினால் 1, 2, 3, 4 என்றே வரும். உள்ளிருக்கும் இட எண்கள் அவை. முதலில் கேரக்டராக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும். 2020இல் வந்த 4.0.0 பதிப்புக்கு முன்பு, கோப்பிலிருந்து எடுக்கும் எழுத்துப் பத்திகள் தாமாகவே ஃபேக்டராக மாறிவிடும். பழைய நூல்களை வைத்துப் பயில்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

40உம் 40உம் சேர்ந்தால் 20

வகையைச் சரியாகச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்ததா? ஒரு நூல் கோனை எடுத்துக்கொள்வோம். பருத்தி நூலை 20ஆம் நம்பர், 30ஆம் நம்பர், 40ஆம் நம்பர் என்பார்கள். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த நம்பர். எண் கூடக் கூட நூல் மெலியும். ஐயத்துக்கிடமின்றி இது எண்தான். ஆனால் இரண்டு 40ஆம் நம்பர் நூல்களைச் சேர்த்து முறுக்கினால் கிடைப்பது 80ஆம் நம்பர் அல்ல. ஏறத்தாழ 20ஆம் நம்பர் தடிமனுள்ள நூல். அதே நீளத்துக்கு எடை இருமடங்கானதால் எண் பாதியாகிவிட்டது.

80 என்று கூட்டித் தர ஆர் தயங்காது. 20 என்று சொல்ல நூலைத் தெரிந்தவர் வேண்டும். ஓவர்லாக் மிஷினில் உட்காரும் தாய்க்குத் தெரிந்த இந்த விஷயம், தரவைப் படிக்கும் மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க நிலைக்குக் கணினி வேண்டாம். வீட்டிலும் கடையிலும் கம்பெனியிலும் காணும் விவரங்களை அட்டைகளில் எழுதச் செய்யுங்கள்: பேருந்துத் தட எண், சட்டையின் நிறம், வீட்டிலுள்ளோர் எண்ணிக்கை, வெண்ணெயின் எடை, டி-ஷர்ட் அளவு. பிறகு நான்கு கூடைகள் வையுங்கள்: எண்ணுபவை, அளப்பவை, பெயர் சொல்பவை, வரிசைப்படுத்துபவை. பேருந்துத் தட எண் எந்தக் கூடைக்கு என்று பிள்ளைகள் வாதிடட்டும். அந்த வாதம்தான் பாடம்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் கணினி ஆய்வகத்தைப் பயன்படுத்தலாம். கற்பனைப் பெயர்களுடன் பத்து மாணவர் கொண்ட ஒரு சிஎஸ்வி கோப்பை அவர்களே தயாரிக்கட்டும். உண்மையான மாணவர் விவரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம். ரீட் டாட் சிஎஸ்வி கட்டளையால் திறந்து, எஸ்டிஆர் என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு பத்தியையும் ஆர் எந்த வகையாக எடுத்துக்கொண்டது என்று தெரியும். மாணவர்கள் எதிர்பார்த்த வகையும் ஆர் கண்ட வகையும் எங்கே மாறுபடுகின்றன, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு மதிப்பெண் பத்தியில் ஓரிடத்தில் ஏபி, ஓரிடத்தில் வெற்றிடம், ஓரிடத்தில் 0 என்று வைத்து மூன்றுக்கும் விளைவு என்னவென்று ஒப்பிடச் செய்யலாம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு பழக்கம் உண்டு. பட்டியல் ஒன்றை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் விரலை வைத்து மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இதைக் கூட்டினால் பொருள் உண்டா? இதை வரிசைப்படுத்தினால் அந்த வரிசை சரியானதா? இங்குள்ள வெற்றிடமும் பூஜ்ஜியமும் எதைக் குறிக்கின்றன? 40 பேர் கொண்ட வகுப்புக்கு இதற்குப் பத்து நிமிடம் ஆகும். உதவித்தொகை சரியான கணக்கில் சேர்வதும், தேர்வுக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போய் விசாரிப்பதும் அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுத்தவை.